நான் நின்றிருக்க வேண்டிய இடம்

அழைப்பு வந்தபோது நான் காட்டாங்குளத்தூரில், கல்லூரி விடுதியின் மொட்டை மாடியில், லிஃப்ட் மோட்டார் அறைக்குள் குனிந்து நின்றிருந்தேன். மே மாதம். தகரக் கதவைத் தொட முடியாத வெயில். ஒரு கையில் டெஸ்டர், இன்னொரு கையில் ஃபோன். பேசியவர் எங்கள் யூனிட்டின் எழுத்தர். கோவைப் பக்கத்துக்காரர். "நல்லாருக்கீங்களாங்க" என்று கேட்காமல் எந்தப் பேச்சையும் தொடங்க மாட்டார். அன்று கேட்கவில்லை.

"ஆர்டர் வந்துருச்சுங்க. ஞாயித்துக்கிழமை காலைல எட்டு மணிக்கு ரோல் கால். யாருக்கும் விலக்கு கெடையாது. கேட்டுச்சுங்களா?"

"கேட்டுச்சு."

"திருப்பிச் சொல்லுங்க."

திருப்பிச் சொன்னேன். அன்று வியாழக்கிழமை.

நான் டெரிடோரியல் ஆர்மி என்கிற பகுதிநேரப் படையில் லான்ஸ் நாயக். கையில் ஒரு பட்டை. வருடத்தில் பத்து மாதம் தனியார் கல்லூரி ஒன்றில் எலக்ட்ரிகல் சூப்பர்வைசர். மீதி இரண்டு மாதம் சீருடை, துப்பாக்கி, பயிற்சி முகாம். தேவை வந்தால் அரசு எங்களை முழுநேர ராணுவமாக அழைத்துக்கொள்ளும். தேவை முடிந்ததும் அவரவர் வேலைக்குத் திருப்பி அனுப்பிவிடும். காகிதத்தில் இதற்கு நீளமான ஆங்கிலச் சொற்கள் உண்டு. எங்களுக்குள் "உள்ளே போவது", "வெளியே வருவது", அவ்வளவுதான். பதினோரு வருடத்தில் ஒரே ஒரு முறை நான் நீண்ட காலம் உள்ளே இருந்திருக்கிறேன். வடகிழக்கில் ஓர் எண்ணெய்க் குழாய்ப் பாதையைக் காத்துக்கொண்டு, இரண்டு வருடம்.

ஒரு வாரமாகவே டிவியில் எல்லை ஊர்களின் சைரன் ஒலித்துக்கொண்டிருந்தது. கல்லூரி கேன்டீனில் எல்லாரும் அதைக் கிரிக்கெட் மேட்ச் போலப் பார்த்தார்கள். அதனால் அழைப்பு எனக்கு அதிர்ச்சியில்லை. சிக்கல் வேறு. என் மனைவியைப் பொறுத்தவரை நான் அந்தப் படையிலேயே இல்லை.

வடகிழக்கில் இருந்த அந்த இரண்டு வருடத்தில்தான் எங்கள் மகள் பிறந்தாள். அப்போது முடிச்சூரில் தரைத்தளத்தில் குடியிருந்தோம். மகளுக்கு ஆறு மாதம் ஆனபோது, மழையில் ஏரி உடைந்து தெருவுக்குள் தண்ணீர் வந்தது. மனைவி குழந்தையை ஒரு பிளாஸ்டிக் கூடையில் வைத்துத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறியிருக்கிறாள். ஒன்றரை நாள் மொட்டை மாடியில், தார்ப்பாய்க்குக் கீழே. அந்த ஒன்றரை நாளும் நான் ஃபோன் சிக்னல் எடுக்காத இடத்தில் நின்றிருந்தேன். செய்தி எனக்குத் தெரிந்தபோது தண்ணீர் வடிந்துவிட்டிருந்தது.

அதற்குப் பிறகு அவள் சண்டை போடவில்லை. வருடம் தவறாமல் முகாமுக்குக் கிளம்பும்போது ஒரு கேள்வி மட்டும் கேட்பாள்: "எப்ப எழுதிக் கொடுக்கப் போறீங்க?" போன வருடம் உட்கார்ந்து விடுவிப்பு விண்ணப்பத்தை எழுதினேன். அவள் பார்க்கவே எழுதினேன். முகாமிலிருந்து திரும்பியதும், "குடுத்துட்டேன்" என்றேன். அன்று இரவு அவள் பால் பாயசம் வைத்தாள். விண்ணப்பம் என் டிரங்குப் பெட்டியில், சீருடைக்கு அடியில் இருந்தது.

ஏன் கொடுக்கவில்லை என்று இப்போதும் ஒரே பதிலாகச் சொல்ல வராது. கல்லூரியில் பதினைந்து வருடம் வேலை செய்தும் பலருக்கு என் பெயர் தெரியாது; "கரண்டு சார்" என்பார்கள். படையில் வரிசையில் நின்றால் எனக்கு இடப்பக்கம் ஒருவன், வலப்பக்கம் ஒருவன். இரண்டு பேரும் என்னை நம்பி நிற்பார்கள். இதை அவளிடம் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. பொய் சொல்வது சுலபமாக இருந்தது.

மேலாளர் அறைக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"எவ்ளோ நாள்?" என்றார்.

"தெரியாது சார்."

"ரஃப்பா சொல்லுங்க. மூணு நாளா, ஒரு வாரமா? அடுத்த வாரம் இன்ஸ்பெக்‌ஷன் இருக்கு."

"சண்டை எப்ப முடியும்னு எனக்குத் தெரியாது சார்."

அப்போதுதான் கணினியிலிருந்து முகத்தைத் திருப்பினார். "நீங்க சண்டைக்கா போறீங்க? நீங்க எலக்ட்ரிகல்தானே?"

மூன்றரை மணி ரயிலைப் பிடித்துத் தாம்பரத்தில் இறங்கினேன். என் மனைவி சேலையூரில், கேம்ப் ரோட்டிலிருக்கும் ஒரு மருந்துக் கடையில் பார்மசிஸ்ட். ஐந்து மணிக்குக் கடையில் கூட்டம் அதிகம். வீட்டுக்கு வரும்வரை காத்திருந்திருக்கலாம். ஆனால் காத்திருந்தால் இன்னொரு பொய்யை யோசித்துவிடுவேன் என்று எனக்குத் தெரியும்.

கவுன்ட்டர் ஓரமாகப் போய் நின்றேன். என்னைப் பார்த்ததும், "என்னங்க, சீக்கிரம் வந்துட்டீங்க? பாப்பாவுக்கு ஒண்ணுமில்லையே?" என்றாள்.

"அவ பக்கத்து வீட்லதான் இருக்கா. யூனிட்லேர்ந்து கூப்பிட்டாங்க."

அவள் ஒரு பெரியவருக்குப் பிரஷர் மாத்திரை வெட்டிக்கொண்டிருந்தாள். கத்தரிக்கோல் நிற்கவில்லை. "எந்த யூனிட்?"

"நம்ம யூனிட்தான். ஞாயித்துக்கிழமை ரிப்போர்ட் பண்ணணும்."

"நீங்கதான் எழுதிக் குடுத்துட்டீங்களே. அவங்க லிஸ்ட்ல தப்பா இருக்கும். ஃபோன் பண்ணிச் சொல்லுங்க." பெரியவரிடம் திரும்பி, "காலைல ஒண்ணு, சாப்பாட்டுக்கு அப்புறம். போன மாசம் மாதிரி வெறும் வயித்துல போடாதீங்க ஐயா" என்றாள்.

"லிஸ்ட்ல தப்பு இல்ல."

அவள் மாத்திரையைக் கவரில் போட்டாள். கவரின் மேல் கோடு போட்டாள், ஒரு கோடு, ஒரு பூஜ்யம், ஒரு பூஜ்யம். பெரியவர் போனார். அடுத்து ஒரு பெண், கைக்குழந்தையோடு காய்ச்சல் மருந்து கேட்டாள். குழந்தைக்கு என்ன எடை என்று என் மனைவி விசாரித்தாள். எத்தனை மில்லி என்று இரண்டு முறை சொன்னாள். நான் அங்கேயே நின்றேன். அந்தப் பெண்ணும் போன பிறகு, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

"குடுக்கவே இல்லையா?"

"இல்ல."

"ஒரு வருஷமா?"

"ஆமா."

"வீட்டுக்குப் போங்க. எனக்கு எட்டரை மணி வரைக்கும் டூட்டி."

குரல் உயரவில்லை. அலமாரியில் ஒரு டப்பாவை எடுத்து, அது இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தாள்.

வெள்ளிக்கிழமை மாலை வரை அவள் என்னிடம் பேசவில்லை. நானே பெட்டியை எடுத்தேன், நானே பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டேன். மகள் பக்கத்தில் உட்கார்ந்து பிரஷ்ஷைப் பிடுங்கிப் பிடுங்கித் தேய்த்தாள். அவளுக்கு இன்னும் இரண்டு வாரத்தில் ஏழு வயது முடியப் போகிறது. "பர்த்டேக்கு வந்துடுவியாப்பா?" என்றாள். "வந்துடுவேன்" என்று சொல்ல வாய் திறந்தேன். சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. "தெரியலடா" என்றேன். சத்தம் மறுபடி தொடங்கியது.

மாலையில் மனைவி வந்து, "அந்தப் பேப்பரைக் குடுங்க" என்றாள். எடுத்துக் கொடுத்தேன். நின்றபடியே படித்தாள். நான்காக மடித்துக் கிழித்துக் குப்பையில் போட்டாள்.

"இப்போ குடுத்தாலும் எடுத்துக்க மாட்டாங்க. எடுத்துக்கிட்டாலும் இந்த நேரத்துல நீங்க விட்டுட்டு வரக் கூடாது" என்றாள். பிறகு, "எனக்குக் கோவம் நீங்க போறதுல இல்ல" என்றாள்.

சனிக்கிழமை காலை தாம்பரம் நிலையத்தில் என் நண்பன் எனக்கு முன்பே வந்திருந்தான். நானும் அவனும் ஒரே நாளில் படையில் சேர்ந்தவர்கள். இரும்புலியூர்க்காரன். தாம்பரம் ஸ்டேஷன் ஸ்டாண்டில் ஆட்டோ ஓட்டுகிறவன். வண்டியை மைத்துனனிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருந்தான்.

"இன்னா மச்சான், மூஞ்சி ஏன் இப்டி கீது? வூட்ல ஒரே பேஜாரா?"

"சொல்லாம இருந்தது தெரிஞ்சுபோச்சு."

"நா அப்பவே சொன்னேன்ல? பொய் சொல்றதுக்கும் ஒரு கெத்து வேணும்டா. உனக்கு வராது, வுட்ரு."

ரயில் வருவதற்குப் பத்து நிமிடம் இருக்கும்போது மனைவி மகளைக் கூட்டிக்கொண்டு பிளாட்பாரத்தில் வந்தாள். வருவாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஒரு பையைக் கொடுத்தாள். வயிற்றுப்போக்கு மாத்திரை, காய்ச்சல் மாத்திரை, காயத்துக்குக் களிம்பு, ஒவ்வொன்றிலும் அவள் கையெழுத்து.

"ஒண்ணே ஒண்ணு" என்றாள். "அங்கேர்ந்து ஃபோன் பண்ணும்போது உண்மையைச் சொல்லணும். நல்லா இருக்கேன், ஒண்ணும் இல்ல, சாப்பிட்டேன்னு சொல்லாதீங்க. பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லுங்க. நான் தாங்கிப்பேன். இன்னொரு தடவை பொய்யைத் தாங்க மாட்டேன்."

சரி என்றேன்.

யூனிட்டில் ஞாயிறு காலை எட்டு மணிக்கு வரிசையில் நின்றபோது எங்களில் ஒரு வங்கி ஊழியர், இரண்டு ஆசிரியர்கள், ஒரு பரோட்டாக் கடைக்காரர் எல்லாரும் இருந்தார்கள். ஒன்பதரைக்குள் முடி வெட்டி, கையெழுத்துப் போட்டு, துப்பாக்கி வாங்கிவிட்டோம். நான்காம் நாள் வடமேற்கே, கோதுமை அறுத்து முடித்த வயல்களுக்கு நடுவில் ஓர் எரிபொருள் கிடங்கில் காவலுக்கு நின்றோம்.

எங்களுக்குக் கொடுத்த வேலை எளிமையானது. கிடங்கைச் சுற்றி நான்கு காவல் முனைகள். வடக்கு முனை தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே, வெட்டவெளியைப் பார்த்தபடி. தெற்கே வாசல் கேட். இரண்டுக்கும் நடுவில் இருநூறு மீட்டர். யார், எந்த நேரம், எந்த முனை என்று ஒரு தாளில் எழுதிக் காவல் அறையில் ஒட்டியிருப்பார்கள். அந்தத் தாள்தான் சட்டம். சுபேதார் முதல் நாளே சொல்லிவிட்டார்: "தாளில் உள்ள இடத்தில் உயிரோடு நில்லுங்கள். வேறு இடத்தில் உங்களைத் தேட எனக்கு நேரமில்லை."

பகலில் வேலை இருந்தது, பயம் தெரியவில்லை. பொழுது சாயும்போதுதான். ஊரில் ஒரு விளக்குகூட எரியாது. நாய்கள் மட்டும் குரைக்கும். வானத்தில் எங்கோ தையல் மெஷின் ஓடுவது போல ஒரு ட்ரோன் சத்தம் வரும், போகும். அது நம்முடையதா, அவர்களுடையதா என்று யாருக்கும் தெரியாது. சத்தம் தேயும்வரை யாரும் பேச மாட்டோம். வீட்டுக்குப் பேசியபோது இதை அப்படியே சொன்னேன். "பயமா இருக்கு" என்றேன். "சரி" என்றாள் அவள். "தண்ணி நிறைய குடிங்க." அவள் குரலில் ஏதோ ஒன்று தளர்ந்திருந்தது. எனக்குள்ளும்தான்.

ஃபோன்கள் கேட்டுக்குப் பக்கத்திலிருந்த காவல் அறையில் ஒரு மரப்பெட்டியில் இருக்கும். காவல் இல்லாத நேரத்தில் எடுத்துப் பேசலாம். காவலில் இருப்பவன் தொடக்கூடாது.

மகளின் பிறந்தநாள் அன்று, மாலை ஆறிலிருந்து எட்டு வரை என் பெயர் வடக்கு முனையில் இருந்தது. நண்பனின் பெயர் கேட்டில். எட்டு மணிக்கு மேல் எல்லாருக்கும் விளக்கணைப்பு, ஃபோன் கிடையாது. ஆறரைக்குக் கேக் வெட்டுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஆறு மணிக்கு நண்பனிடம் போனேன். "மச்சான், வயிறு சரியில்ல. கக்கூஸ் கேட் பக்கம்தானே. மாத்திக்கலாமா?"

"சுபேதார் சாப்கிட்ட கேட்டியா?"

"அவர் ரவுண்ட்ல இருக்கார். வந்ததும் சொல்லிக்கறேன்."

என் முகத்தை ஒரு நொடி பார்த்தான். "மாத்தர கீதா?"

"இருக்கு."

"போட்னு ஒக்காரு. நா போறேன்." துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு தண்ணீர்த் தொட்டியை நோக்கி நடந்தான். போகிற போக்கில் திரும்பி, "ரொம்ப முடிலன்னா கொரல் குடு" என்றான்.

ஆறரைக்கு நான் காவல் அறை வாசலில் நின்று, ஒரு கண்ணைக் கேட்டில் வைத்துக்கொண்டு ஃபோனில் பேசினேன். மகள் மெழுகுவத்தியை ஊதிய சத்தம் கேட்டது. யாரோ கைதட்டினார்கள். "அப்பா, நான் ஒரே ஊதுல அணைச்சுட்டேன்" என்றாள்.

அப்போது சைரன். அதற்குப் பின்னால் விமான எதிர்ப்புப் பீரங்கிகளின் சத்தம். எதையோ சுட்டார்கள். வானத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ உடைந்து, ஒரு துண்டு சாய்வாக, மெதுவாகத்தான் வந்தது போல எனக்கு இப்போதும் தோன்றுகிறது, வடக்கே இறங்கியது. தரை என் காலுக்கடியில் ஒருமுறை குதித்தது. தண்ணீர்த் தொட்டி இருந்த பக்கம் வெறும் புழுதியாக இருந்தது.

ஓடினேன். கேட்டை விட்டுவிட்டு ஓடினேன் என்பதையும் சொல்ல வேண்டும். நண்பன் மணல் மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தான், கால்களை நீட்டி, வீட்டுத் திண்டில் சாய்ந்தவனைப் போல. தோளில் ரத்தம். இடது காதிலிருந்து ஒரு மெல்லிய கோடு கழுத்துக்கு இறங்கியிருந்தது. தொட்டி ஓட்டையாகித் தண்ணீர் அவன்மேல் கொட்டிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் உரக்கக் கத்தினான், ஏனென்றால் அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை.

"உனுக்கு ஒண்ணும் ஆவலியே?"

அந்தக் களேபரத்தில் அவனை வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். அறிக்கை எழுதியவர் சுவரில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தே எழுதினார். அதன்படி வடக்கு முனையில் இருந்தவன் நான், எனக்குக் காயமில்லை. கேட்டில் இருந்தவன் அவன். நான் எதையும் திருத்தவில்லை. மறுநாள் கேட்பார்கள், அப்போது சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் எங்களை வேறு இடத்துக்கு மாற்றினார்கள். யாரும் கேட்கவில்லை.

மனைவியிடம் மட்டும் சொன்னேன். இரண்டு நாள் கழித்துத்தான் ஃபோன் கிடைத்தது. "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டாள். அவள் கடையில் இருந்தாள். பின்னால் யாரோ இருமல் மருந்து கேட்டார்கள். "நான் நல்லா இருக்கேன். என் இடத்துல அவன் நின்னான்" என்றேன். கேக் வெட்டும்போது நான் எங்கே நின்று பேசினேன், எதற்காக இடம் மாற்றினேன், அவனிடம் என்ன காரணம் சொன்னேன், எல்லாவற்றையும் சொன்னேன். லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

"இருக்கேன்" என்றாள். "அவர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"இல்ல."

சண்டை சில நாட்களில் நின்றது. எங்களை மேலும் ஐந்து மாதம் வைத்திருந்தார்கள். பிறகு ஒரு காலை, துப்பாக்கியை ஒப்படைத்து, கையெழுத்துப் போட்டு, "வெளியே" வந்தேன். மூன்றாம் நாள் காட்டாங்குளத்தூர் விடுதியில் ஒரு குளியலறை ஹீட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தேன். மாணவன் ஒருவன் வாசலில் துண்டோடு நின்று, "எவ்ளோ நேரம் ஆகும் ணா?" என்றான். கையிலிருந்த ஸ்குரூ டிரைவரை எதற்கு எடுத்தேன் என்றே மறந்துவிட்டிருந்தது. சேலையூரில் எங்கள் வீட்டின்மேல் விமானத் தளத்துப் பயிற்சி விமானங்கள் தாழப் பறப்பது வழக்கம். பல வருடமாக அந்தச் சத்தம் என் காதில் விழுந்ததே இல்லை. இப்போது ஒவ்வொன்றும் விழுந்தது.

நண்பன் எனக்கு முன்பே திரும்பியிருந்தான். தோள் ஆறிவிட்டது. இடது காது முழுக்கப் போய்விட்டது. பார்க்கப் போனபோது சிரித்தான். "லெஃப்ட்ல இன்டிகேட்டர் போட்டா எனுக்கே தெர்ல மச்சான்" என்றான். நான் சொல்ல நினைத்துப் போனதைச் சொல்லாமல் திரும்பினேன். மறுபடி போனேன். மறுபடியும் சொல்லவில்லை.

ஒரு நாள் அவன் மனைவி காதுக்குச் சொட்டு மருந்து வாங்க என் மனைவி வேலை செய்யும் கடைக்கு வந்திருக்கிறாள். பணியில் நிற்கும்போது பட்ட காயம் என்று, உதவித்தொகைக்காகச் சான்றிதழ் கேட்டு அவன் போட்ட விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். பதிவில் கேட்டில் நின்றவனுக்கு, இருநூறு மீட்டர் தள்ளி விழுந்ததில் காது எப்படிப் போகும் என்று கேட்டிருக்கிறார்கள். எங்கே நின்றாய் என்று விசாரித்ததற்கு அவன், "ஞாபகம் இல்ல" என்று எழுதிக் கொடுத்திருக்கிறான்.

என் மனைவி அன்று வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் இதைச் சொன்னாள்.

"அவருக்கு ஞாபகம் இல்லாமலா? உங்களுக்காக வாயை மூடிட்டு இருக்கார். வயித்து வலிக்காரனைக் காட்டிக் குடுக்கக் கூடாதுன்னு."

"நான் எழுதிக் குடுத்தா என்ன ஆகும்னு தெரியுமா? அனுமதி இல்லாம இடம் மாத்தினது, டூட்டில ஃபோன் பேசினது, போஸ்ட்டை விட்டது. பதினோரு வருஷமும் போயிடும்."

"போகட்டும்" என்றாள். பிறகு உட்கார்ந்தாள். "நீங்க வெளிய வரணும்னு எனக்கு எவ்ளோ ஆசைன்னு உங்களுக்குத் தெரியும். ஆனா அதுக்காக இதைச் சொல்லல. அப்படி நினைச்சீங்கன்னா எனக்கு அசிங்கம்."

உண்மையில் ஒரு நொடி அப்படித்தான் நினைத்திருந்தேன்.

முதலில் அவனிடம் சொல்ல வேண்டும். மறுநாள் காலை ஸ்டாண்டுக்குப் போய் அவன் ஆட்டோவில் ஏறினேன். வண்டி கேம்ப் ரோடு திரும்பியதும் பின்னாலிருந்து, "அன்னிக்கு எனக்கு வயித்து வலி இல்ல" என்றேன். அவன் ஓட்டிக்கொண்டே இருந்தான். கேட்கவில்லை. நான் உட்கார்ந்திருந்தது இடது பக்கம். வலது பக்கம் நகர்ந்து மறுபடி சொன்னேன். பஸ் ஹாரனில் அதுவும் போயிற்று. "இன்னான்ற?" என்றான்.

சிக்னலில் வண்டி நின்றது. இரண்டு பக்கமும் டூவீலர்கள். நான் கத்தினேன். "எனக்கு வயித்து வலி இல்ல! பாப்பாகிட்ட ஃபோன் பேசறதுக்காக உன்னை அங்க அனுப்புனேன்!"

பக்கத்து ஸ்கூட்டரில் இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள். நண்பன் திரும்பவில்லை. சிக்னல் பச்சையானது. பின்னால் எல்லாரும் ஹாரன் அடித்தார்கள். மெல்ல வண்டியை ஓரம் கட்டி, இன்ஜினை அணைத்தான்.

"பாப்பாகிட்ட பேசணும்னு சொல்லியிருந்தா நா போயிருக்க மாட்டேனா?"

"போயிருப்ப."

"அப்பாலிக்கா ஏன் வலின்னு சொன்ன?"

நான் மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நா அங்க ரத்தத்தோட ஒக்காந்துகினு, உனுக்கு வயிறு எப்டி கீதோன்னு நெனச்சுகினு இருந்தேன்டா." முகத்தைத் துடைத்துக்கொண்டான். "எறங்கிக்கோ."

இறங்கினேன். அங்கிருந்து காட்டாங்குளத்தூர் போய், மதிய உணவு நேரத்தில் ஒர்க்‌ஷாப் மேஜையில் உட்கார்ந்து, இரண்டு பக்கம் எழுதினேன். வடக்கு முனையில் நின்றிருக்க வேண்டியவன் நான். அனுமதி பெறாமல் மாற்றியது நான். காரணம் இது. அவனுக்குக் காரணம் தெரியாது. நேரம், இடம், எல்லாம். கையெழுத்துப் போட்டபோது பேனா ஒழுங்காகத்தான் ஓடியது. யூனிட்டுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டு, எழுத்தருக்கும் ஃபோன் செய்தேன். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, "நல்லா யோசிச்சீங்களாங்க?" என்றார். தபால் போய்விட்டது என்றேன்.

அடுத்த முகாமுக்குப் போனபோது கமாண்டிங் ஆபீசர் முன் நிறுத்தினார்கள். குற்றம் சாட்டப்பட்டவனுக்கான முறைப்படி, தொப்பியும் பெல்ட்டும் இல்லாமல் நின்றேன். என் கடிதத்தைப் படித்தார். "இதை அன்றே சொல்லியிருந்தால்?" என்றார். "தவறு சார்" என்றேன். என் பட்டையை எடுத்துவிட்டார்கள். படையிலிருந்து அனுப்பவில்லை. சுபேதார் வெளியே வந்து, "இனி உன் பெயரைத் தாளில் எழுதும்போது இரண்டு முறை யோசிப்பேன்" என்றார். அது தண்டனையைவிட வலித்தது. நண்பனின் சான்றிதழ் சரியாக வந்து சேர்ந்தது. ஒரு காது இல்லாததால் அவன் நிரந்தரமாக வெளியே வந்துவிட்டான்.

மனைவியிடம் பட்டை போனதை அன்றே சொன்னேன். விலக வேண்டுமா, இருக்க வேண்டுமா என்று இப்போது இரண்டு பேரும் சேர்ந்துதான் பேசுகிறோம். முடிவு வரவில்லை. சில நாள் அவள் இருங்கள் என்கிறாள், நான் போதும் என்கிறேன். சில நாள் நேர்மாறாக.

நண்பன் பல மாதம் என்னோடு பேசவில்லை. ஸ்டாண்டில் பார்த்தால் "சார்" என்பான். அந்த ஒரு சொல்லில் மற்ற டிரைவர்களுக்கே ஏதோ புரிந்துவிட்டது. போன வாரம் மழைத் தூறலில் ஸ்டேஷனிலிருந்து வெளியே வந்தபோது வரிசையில் முன்னால் நின்றது அவன் வண்டி. வேறு வண்டியில் ஏற மற்றவர்கள் விட மாட்டார்கள். ஏறி வலது பக்கம் உட்கார்ந்தேன். வீட்டு வாசலில் நான் இறங்கியதும், வண்டியைக் கிளப்பாமல் இருந்தான்.

"பாப்பா எப்டி கீது?"

"நல்லா இருக்கா. வர்ற மாசம் எட்டு வயசு."

"தெரியும்" என்றான். "அந்தத் தேதி எனுக்கு மறக்குமா?"

கண்ணாடியில் என்னைப் பார்த்தான். நானும் பார்த்தேன். "கேக் வெட்டும்போது கூப்புடு. வர்றனா இல்லியான்னு அப்போ சொல்றேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.